பர்மனென்ட்டுக்கு அர்த்தம் சொன்னவன்

வடலூர் ரோட்டில் இருக்கிற மூன்று மாடிக் கட்டடம் நான் கட்டியது. கீழே ஹார்டுவேர் கடை, மேலே குடித்தனக்காரர்கள். அதற்குப் பின்னால் உள்ள கல்யாண மண்டபமும் நான் கட்டியதுதான். நம் காலனிக்கு சிமெண்ட் ரோடு வருவதற்கு முன்னால் ஒரு செம்மண் ரோடு இருந்ததே, அதற்கு மண் அடித்தது என் லாரி. பஸ் நிற்கும் இடத்தில் நிழலுக்குக் கூரை போட்டது நான். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஜல்லி இறக்கியது நான். படித்தது மூன்றாம் வகுப்பு. பின்னால் நின்று தாங்கிப் பிடிக்க ஒரு மாமன் கிடையாது, மச்சான் கிடையாது. இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். யாராவது தூக்கிக் கொடுத்திருந்தால் அடக்கமாக இருந்திருப்பேன். ஒருத்தரும் கொடுக்கவில்லை, அதனால் அடக்கமும் இல்லை.

என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு டிவி பார்க்கிற உங்களில் பத்துப் பேருக்காவது நான் சொல்லப்போகிற கோடை ஞாபகம் இருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள். விஷயத்தைத் திருத்த மட்டும் விட மாட்டேன்.

நகராட்சித் தேர்தல் வருகிறது. நம் வார்டில் மேஸ்திரி மகன் நிற்கிறான். மேஸ்திரி என்றால் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நம் அப்பன்மார்களைக் கும்பலாகச் சேர்த்து நெய்வேலி நிலக்கரி மைன்ஸுக்குக் கூட்டிப் போன கேங் மேஸ்திரி. அவன் மகனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. போன வாரம் கடைக்கு வந்து கும்பிட்டான்.

"மாமா, ஒங்க காம்பவுண்டு செவுரு ரோட்டப் பாத்தாப்ல இருக்குது. எனக்கு வுட்டுக் குடுக்கணும்."

நம் காலனிப் பிள்ளை, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான். எழுதிக்கொள் என்றேன். மறுநாள் ஆள் வந்து வெள்ளையடித்து எழுதிவிட்டுப் போனான். சின்னம் இன்னும் ஒதுக்கவில்லையாம், அதற்காக நடுவில் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். சுற்றிலும் நீல எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'நம் பகுதியின் முதல் பர்மனென்ட் தொழிலாளியின் புதல்வன். உழைப்பால் உயர்ந்த குடும்பம். முதல் வாக்குறுதி: ஒப்பந்தத் தொழிலாளர் அனைவருக்கும் பணி நிரந்தரம்.'

என் சுவரில்! என் செங்கல்லின் மேல், நான் நின்று பூசிய பூச்சின் மேல்!

கவுன்சிலர் வேலை என்ன? சாக்கடை, குப்பை, குடிதண்ணீர், தெருவிளக்கு. மைன்ஸில் யாரை நிரந்தரம் பண்ணுவது என்பது கவுன்சிலர் கையிலா இருக்கிறது? விடிகாலையில் என் கடை வாசலைப் பெருக்குகிற அம்மா அதே நகராட்சியில் வருடக்கணக்காகக் கான்ட்ராக்ட். அவளைப் பற்றி அந்தச் சுவரில் ஒரு எழுத்து கிடையாது. சரி, ஓட்டுக்கு நிற்கிறவன் வாய்க்கு வந்ததைத்தான் சொல்வான், அதையாவது மன்னிக்கலாம். 'முதல் பர்மனென்ட்' என்று எழுதினானே, அதை மன்னிக்க முடியாது. அந்த பர்மனென்ட் எப்படி வந்தது என்பதை மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் கண்ணால் பார்த்தேன்.

அது முந்திரி பழுத்த கோடை. நாம் குடிசை போட்டிருந்த மேட்டைச் சுற்றி முந்திரிக்காடுதான். பழத்தின் புளித்த வாசனை, அதற்கு மேலே கரித்தூள் வாசனை, இரண்டும் கலந்து மூக்கில் ஏறும். சட்டையில் முந்திரிச் சாறு பட்டால் கறை போகாது. இருந்த ஒரே சட்டையில் இந்தியா படம் மாதிரி ஒரு கறையோடு நான் திரிந்தேன். மைன்ஸில் பூமிக்கு அடியிலிருந்து ஏற்றி வாய்க்காலில் விடுகிற தண்ணீர் வெதுவெதுவென்று வரும். அதில் விழுந்து கிடப்போம். வெயில் காலத்தில் வெந்நீரில் குளித்த பிள்ளைகள் இந்த உலகத்தில் நாம் மட்டும்தான். சங்கு ஊதினால் ஷிப்டு மாறுகிறது என்று அர்த்தம். உடனே வீட்டுக்கு ஓடுவோம்.

என் அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. கூலி கிடையாது, நெல்லைப் படியில் அளந்து போடுவார்கள். ஆள் பண்ணைக்குச் சொந்தம். உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டில் படுத்தால் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு விடியற்காலையில் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளாற்று மணலில் இறங்கி நடந்து நெய்வேலிக்கு வந்துவிட்டார். மேஸ்திரி கேங்கில் சேர்ந்து மண் வெட்டினார். கேங் ஆட்களுக்கு எண் அடித்த தகர வில்லை ஒன்று கொடுப்பார்கள். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். குளிக்கும்போது கழற்றி என் கையில் தருவார். வெயிலில் சுட்டுப் போயிருக்கும், வியர்வை வாசனை அடிக்கும். அந்த வில்லை இப்போது என்னிடம் இல்லை. எவ்வளவோ சேர்த்தேன், அது மட்டும் இல்லை.

அந்தக் கோடையில்தான் செய்தி வந்தது. கேங்கில் நன்றாக வேலை செய்கிற சிலரைப் பொறுக்கி எடுத்து பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். எங்கள் மேட்டிலிருந்து ஒரே ஒரு ஆள். என் அப்பா. ஆபீசர் அவரை அழைத்து, யோசித்துவிட்டு நாளை வந்து சொல் என்று அனுப்பியிருந்தார்.

மேட்டில் ஒருவருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. பர்மனென்ட், பர்மனென்ட் என்று ஆளாளுக்கு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். வியாதிப் பெயர் மாதிரி இருக்கிறது என்றாள் ஒரு சித்தி. அதைப் போட்டால் மொட்டை அடிப்பார்களாம் என்றார் ஒரு பெரியப்பா.

நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் முந்திரிப்பழத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு மைன்ஸ்காரர்கள் குடியிருக்கிற குவார்ட்டர்ஸ் பக்கம் விற்கப் போவேன். நாலாவது பிளாக்கில் ஒரு டீச்சரம்மா உப்புத் தொட்டுக்கொண்டு தின்பதற்கு வாங்குவார். வாசலில் குழாய், பின்னால் கருவேப்பிலைச் செடி, உள்ளே மின்விசிறி. அந்த விசிறிக் காற்று கதவுக்கு வெளியே நிற்கிற என் காலில் படும். அன்றைக்குப் பழம் கொடுக்கும்போதே கேட்டேன்.

"டீச்சரம்மா, பர்மனென்ட்னா இன்னாங்க?"

"ஏன்டா தம்பி, யாருக்கு?"

"எங்கப்பாவுக்குக் குடுக்கறாங்களாம். அதுல போயிட்டா வெளிய வுட மாட்டாங்களா?"

டீச்சரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வகுப்பில் சொல்வதைப் போல நிறுத்திச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோ. நம்ம வேணாம்னா எப்ப வேணும்னாலும் போகலாம். அவங்க நம்மளைப் போன்னு சொல்ல முடியாது. அதுதான் பர்மனென்ட். எங்க வீட்டுக்காரர் பர்மனென்ட் ஆனப்புறம்தான் இந்த குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம். ஓடு, அப்பாகிட்டச் சொல்லு."

ஓடினேன். கூடையில் இருந்த பழம் தெறித்து விழுந்தது, பொறுக்கவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது, நிற்கவில்லை. நாம் போகலாம், அவர்கள் போகச் சொல்ல முடியாது, நாம் போகலாம், அவர்கள் போகச் சொல்ல முடியாது என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே மேடு ஏறினேன்.

எனக்கு முன்னாலேயே மேஸ்திரி வந்துவிட்டிருந்தான். எங்கள் குடிசை வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அப்பா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கேங் ஆட்கள். உங்களில் சிலருடைய அப்பன்களும் அங்கே நின்றார்கள், ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

"பர்மனென்ட்னா நிரந்தரம்டா. நிரந்தரம்னா தெரியுமா?" என்றான் மேஸ்திரி. "ஒரு தபா கைநாட்டு வெச்சியோ, அம்பத்தெட்டு வயசு வரைக்கும் நீ அவனுக்குச் சொந்தம். ஒனக்குப் புரியறாப்ல சொல்றேன். படியாளு."

அப்பாவின் தோள் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"மறுபடியுமா?" என்றார்.

"அதான் சொல்றேன். அங்க நெல்லு, இங்க நோட்டு. வித்தியாசம் அவ்ளோதான். கான்ட்ராக்டுன்னா இன்னா? இஷ்டமா வேலைக்கு வா, இஷ்டமில்லன்னா துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு போ. ராஜா மாதிரி."

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். "பொய்யி! அப்பா, அவரு சொல்றது பொய்யி! நம்ம எப்ப வேணா போலாமாம். அவங்கதான் நம்மளப் போன்னு சொல்ல முடியாதாம். வூடு குடுப்பாங்களாம். டீச்சரம்மா சொன்னாங்க!"

மேஸ்திரி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். கண் என் சட்டைக் கறையில் வந்து நின்றது.

"தொரை வந்துட்டாருடா, மூணாங்கிளாசு தொரை. ஒங்களுக்கு எந்த பிளாக்குங்க தொரை? முந்திரித் தோப்பு பிளாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அடித்திருந்தால் மறந்திருப்பேன். எத்தனையோ அடி வாங்கினேன், எதுவும் ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்பு இருக்கிறது. இந்த எழுபது வயதில், கடையில் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போதுகூட அது காதில் விழுகிறது.

அம்மா மட்டும் ஊதுகுழலோடு வெளியே வந்தார். "புள்ள மூச்சு வாங்க ஓடியாந்து சொல்லுது. அத ஒரு தபா காதுல வாங்கினா இன்னா கொறஞ்சிடும்?"

"நீ போய் ஒலயப் பாரு," என்றார் அப்பா.

மறுநாள் நானும் கூடவே போனேன். போகாதே என்றார், கேட்கவில்லை. ஆபீஸ் என்பது அப்போது தகரக் கொட்டகை. ஆபீசர் தலையில் தொப்பி. அப்பா துண்டை இடுப்பில் கட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் ஒரு மேலதிகாரி முன்னால் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"எனக்குக் கான்ட்ராக்டே போதுங்க."

ஆபீசருக்குப் புரியவில்லை. "என்னய்யா சொல்றே? இது கிடைக்காதான்னு அவனவன் காத்துக்கிடக்கறான். நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேங்க. வேணாங்க."

"அப்பா!" என்று நான் அவர் வேட்டியை இழுத்தேன். தட்டிவிட்டார். ஆபீசர் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் வழியில் அப்பா பாடினார். நம்புவீர்களா? என் அப்பா பாடுவார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. டீக்கடையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். "அவன் குடுக்கறேன்னான், நான் வேணான்னுட்டேன், பாத்தியாடா? ஆபீசரு மூஞ்சி பாத்து வேணான்னேன்!" என்று டீக்கடைக்காரரிடமும் சொன்னார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆட்களிடமும் சொன்னார். அவர் பரம்பரையில் ஒரு முதலாளியைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். இப்போது எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு அந்தப் பன்னைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

காலியான அந்த இடத்துக்கு யார் போனது? நீங்களே சொல்லுங்கள். மேஸ்திரி போனான். கேங்கை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, ஆபீசர் முன்னால் போய் நின்று, நிரந்தரம் என்றால் படியாள் என்று எங்கள் வாசலில் சொன்ன அதே வாயால், ஐயா எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். முந்திரிப்பழம் தீர்வதற்குள் அவன் காலில் பூட்ஸ் ஏறிவிட்டது. மேட்டில் எல்லோரும் வெறுங்கால். அதனால் அந்தப் பூட்ஸ் சத்தம் கேட்டாலே யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். தடக், தடக். அவன் வேண்டுமென்றே கல்லைப் பார்த்து மிதித்து நடந்தான் என்று நான் இன்றும் சொல்வேன்.

மழை பிடித்தது. மண் சேறானது. கேங் வேலையை நிறுத்திவிட்டார்கள். வில்லையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்பா கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது, அதையும் அம்மா ஒருநாள் அறுத்துப் போட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அப்பாவோடு மைன்ஸ் கேட் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தேன். ஏதாவது சுமை இருக்கும், ஏதாவது இறக்க ஆள் கேட்பார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்ற கதை இதுதான். மண்டு என்பதால் நிற்கவில்லை. வாத்தியார் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார், தெரியுமா?

அப்படி நின்ற ஒரு நாள் சங்கு ஊதியது. ஷிப்டு விட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். தூறலில் நாங்கள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். மேஸ்திரி வந்தான். கையில் டிபன் பை, காலில் பூட்ஸ். அப்பாவைப் பார்த்ததும் நின்றான்.

"இன்னாடா, சொதந்திரமா நிக்கிறியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தடக், தடக் என்று சத்தம் போய்விட்டது. மழை கோணியிலிருந்து அப்பாவின் மூக்கு நுனிக்கு வந்து சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

மேட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் ஓரத்தில் நின்றார். குளிர் மழையில் அந்த வெந்நீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"அந்த டீச்சரம்மா இன்னா சொன்னாங்க? திருப்பிச் சொல்லு."

"நம்ம எப்ப வேணும்னாலும் போலாமாம்ப்பா."

"ம்."

"அவங்க நம்மளப் போன்னு சொல்ல முடியாதாம்."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் தலையில் இருந்த கோணியை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டார். "நீ சொன்னதுதான்டா சரி" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறம் இருந்த வருடங்களிலும் சொல்லவில்லை. கூலியாகவே இருந்து கூலியாகவே போனார். அவர் சொல்லாமல் விட்டதை வேறு யாராவது சொல்வார்கள் என்றுதான் கட்டடம் கட்டடமாகக் கட்டிப் பார்த்தேன் போலிருக்கிறது. எல்லோரும் மண்டபம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சுவரைப் படித்த அன்றே மேஸ்திரி மகனுக்கு ஆள் அனுப்பினேன். நாலு பையன்களோடு, தோளில் புதுத் துண்டோடு வந்தான். சுவருக்கு முன்னால் நிற்க வைத்து, உங்களுக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னேன். பையன்கள் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவன் முகம் மட்டும் சுண்டிக்கொண்டே போனது.

"மாமா, இது எனக்குத் தெரியாது, சத்தியமா. ஆனா பழச இப்ப எதுக்குக் கெளறணும்? எங்கப்பா செத்தே போயிட்டாரு."

"ஒங்கப்பன் செத்துட்டான். எஞ்செவுரு சாவலியே."

"நான் வேணும்னா ஒங்க பேரையும் கீழ போட்டுர்றேன் மாமா. சுவர் உபயம்னு."

உபயம்! ட்யூப் லைட்டில் பேர் எழுதுகிற மாதிரி! பக்கத்தில் நின்ற பையன் ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டான்.

"டேய், நீ ஓட்டுக் கேக்கறதுக்குத் தூக்கிகினு திரியற வார்த்த எந்த வார்த்த?"

"பர்மனென்ட்."

"அதுக்கு அர்த்தம் சொல்லு பாப்போம்."

மேஸ்திரி மகன் யோசித்தான். பட்டம் வாங்கியவன். "நிரந்தரம்... பணிப் பாதுகாப்பு..." என்று இழுத்தான்.

"தெரியல பாத்தியா? நாஞ் சொல்றேன். நம்ம எப்ப வேணும்னாலும் போலாம். அவங்க நம்மளப் போன்னு சொல்ல முடியாது. எழுதிக்க."

அவன் எழுதிக்கொள்ளவில்லை. பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினான். அவனுக்கு நான் கெடு கொடுத்திருக்கிறேன், உங்களையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன். சின்னத்துக்கு என்று விட்ட வட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் சின்னம் ஏறுவதற்கு முன்னால் சுவரில் மூன்று வரி ஏற வேண்டும். நம் பகுதியில் முதல் பர்மனென்ட் வேலை என் அப்பாவுக்கு வந்தது, மேஸ்திரிக்கு அல்ல. நகராட்சிக்குத் தெருப் பெருக்குகிறவர்களிடமிருந்துதான் நிரந்தரம் ஆரம்பிக்கும், அது கவுன்சிலர் வாய் திறந்து பேசக்கூடிய விஷயம். மூன்றாவது வரியை நீல எழுத்தில், மற்றதைவிடப் பெரியதாக எழுத வேண்டும். பர்மனென்ட்டுக்குச் சரியான அர்த்தத்தை இந்த மேட்டில் முதன்முதலாகச் சொன்னவன் இந்தச் சுவருக்குச் சொந்தக்காரன், அப்போது அவன் மூன்றாம் வகுப்பு, கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எழுதவில்லை என்றால் சுண்ணாம்பு வாளி கடையிலேயே இருக்கிறது. வெள்ளையடிக்கிற மட்டையைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன்.